இரண்டு நிதானங்கள்

கேளிக்கைப் பூங்காக்கள் விற்பது பயத்தை. உயரம், வேகம், தலைகீழாகத் தொங்குதல், விழுந்துவிட்டோம் என்கிற பிரமை, இவற்றுக்குத்தான் டிக்கெட். ஆனால் இந்தப் பயம் ஒரு வாக்குறுதியோடு சேர்த்து விற்கப்படுகிறது: ஒன்றும் ஆகாது என்பது அந்த வாக்குறுதி. வாங்குகிறவன் அதை நம்புவதால்தான் பயத்தை அனுபவிக்கிறான். நம்பிக்கை போய்விட்டால் மிஞ்சுவது கேளிக்கையில்லை, வெறும் பயம். வாக்குறுதியைத் தருவது ஸ்தாபனம். அதைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் நிற்பது, தோளை அழுத்தும் இரும்புச் சட்டத்தை இழுத்துப் பார்த்து, இடுப்புப் பட்டையைப் பூட்டி, பொத்தானை அழுத்துகிற ஒரு சிப்பந்தி. வந்தவர்களில் ஒருவர் விழும்போது, மயங்கும்போது, வலிப்பு வந்து துடிக்கும்போது, வாந்தி எடுக்கும்போது இந்தச் சிப்பந்தி என்ன செய்கிறான், என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்ற கேள்வியை நாம் நிர்வாக விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இது ஓர் அறக் கேள்வியாகவே படுகிறது. கூலிக்குச் செய்யப்படும் பரிவு எந்த அளவுக்குப் பரிவு என்பதும், நிதானம் எந்தப் புள்ளியில் மௌனமாக மாறுகிறது என்பதும் இதற்குள் இருக்கின்றன.

மல்லாங்கிணற்றில் கேளிக்கைப் பூங்கா கிடையாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வந்து இறங்கும் ராட்டினங்கள்தாம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த பூங்கா. கையில் காசு இருந்தால் மதுரை, சென்னை, கொச்சி என்று போகிறார்கள். ஆனால் ஆபத்தை மூலப்பொருளாக வைத்துச் சந்தோஷத்தைத் தயாரிக்கிற தொழில் எங்களுக்கு அந்நியமானதல்ல. இந்த ஜில்லாவில் 'மருந்து' என்றதும் பலருக்கு வைத்தியர் கொடுப்பது ஞாபகம் வருவதில்லை, கலவை அறையில் இருப்பது ஞாபகம் வருகிறது. பட்டாசும் ராட்டினமும் ஒரே தர்க்கத்தில் இயங்குபவை. வெடிக்க வேண்டும், ஆனால் சொன்ன இடத்தில். சுழல வேண்டும், ஆனால் சொன்ன வட்டத்தில். இரண்டிலும் எல்லை மீறும் கணத்தில் பக்கத்தில் நிற்பவன் தொழிலாளி.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இரண்டு வருஷம் பட்டாசு ஆலையில் பேன்ஸி ரகத்தில் வேலை பார்த்தான். அங்கிருந்து வெளியூர் போய்க் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ராட்சச ஊஞ்சல் இயக்கும் வேலையில் சேர்ந்தான். லீவில் வந்தபோது அவன் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை கிளம்புகிறது. "ரெண்டு எடத்துலயும் மொத நாள் சொல்லிக்குடுத்தது காலப் பத்தித்தாண்ணே. அங்க என்ன ஆனாலும் ஓடுன்னாங்க. இங்க என்ன ஆனாலும் ஓடாதன்னாங்க."

இரண்டு கட்டளைகளும் விபத்துகளிலிருந்து கற்றவை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வாசலை மறித்து எதையும் வைக்கக் கூடாது. எல்லாமே ஓடுவதற்கான ஏற்பாடுகள். மருந்து பற்றிக்கொண்டால் அணைப்பதற்கு அவகாசம் கிடையாது. பூங்காவிலோ, சீருடை போட்ட ஒருவன் ஓடுவதைப் பார்த்தால் வரிசையில் நிற்கும் ஐநூறு பேரும் ஓடுவார்கள். பொத்தானிருக்கும் இடத்தை விட்டு அவன் ஓடினால், மேலே இருக்கும் இருபது பேரை இறக்க ஆளில்லை. ஆகவே அவன் நடக்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, எப்போது அழுத்தாமல் சுற்றை முடிக்க விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தலைகீழாக இருக்கும்போது நிறுத்தினால் ஒருவரைக் காப்பாற்றப்போய் மற்றவர்களை அந்தரத்தில் தொங்கவிட்டதாகும். முதலுதவிக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். விழுந்தவரை அசைக்கக் கூடாது.

பார்ப்பவர் கண்ணுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். ஒரு பெண் கீழே கிடக்கிறாள், சீருடைக்காரன் அவளைத் தூக்கக்கூட மாட்டேன் என்கிறான், தூக்க வருகிறவர்களையும் தடுக்கிறான். ஆனால் கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அன்போடு தூக்கும் கைகளே அவளை ஆயுளுக்கும் முடக்கிவிடும். நம் ஊர்களில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கைகால்களை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். இவற்றில் ஒன்றாலும் வலிப்பு நிற்பதில்லை. அமுக்குவதால் எலும்பு முறியலாம், தண்ணீர் மூச்சுக்குழலில் போகலாம். செய்ய வேண்டியது, சுற்றிலும் இடிக்கிற சாமான்களை அகற்றி, தலைக்கடியில் துணி வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பார்த்துக்கொண்டிருப்பது. 'பார்த்துக்கொண்டிருப்பது' என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயர் கிடையாது. 'சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்' என்பது வசவு. இங்கே அதுவே சிகிச்சை.

பரிவு உந்த ஓடுவது எப்படி முடியும் என்பதற்கு எங்கள் ஜில்லாவில் ஒரு பெரிய சாட்சியம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் நாற்பது பேர் அளவில். அவர்களில் கணிசமானவர்கள் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கிக்கொண்டார்கள். உதவ வந்தவரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இறந்தார்கள். அவர்களுடைய ஓட்டத்தைப் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடாமல் இருந்திருந்தால் அவர்களை மனிதர்கள் என்று சொல்லத் தயங்கியிருப்போம். ஆனால் நல்ல உந்துதல் மட்டும் போதாது என்பதை இவ்வளவு கொடூரமாக வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. முன்கூட்டியே பயிலப்படாத பரிவு விபத்தின் ஒரு பகுதியாகிவிட முடியும். ஆகவே பூங்காச் சிப்பந்தியின் நிதானத்தை வெறும் யந்திரத்தனம் என்று ஒதுக்குவது சரியல்ல. முதல் நிதானம் என்று நான் சொல்வது இதை. இது அடிபட்டவருக்காக இருப்பது. தன் பதற்றத்தை அவள்மேல் இறக்கிவைக்காமல் இருக்கும் மரியாதை.

இந்த நிதானத்துக்கு முன்பாக இன்னொன்று தேவைப்படுகிறது. அது கவனம். பூங்காவில் நாள் முழுக்க எல்லோரும் அலறுகிறார்கள். அலறுவதற்குத்தான் வந்திருக்கிறார்கள். 'நிறுத்து, நிறுத்து' என்று கத்துகிறவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் இறங்கியதும் சிரிக்கிறார்கள். அந்த நூறு பொய் அலறல்களுக்கிடையே ஒரு மெய் அலறல் வரும்போது காது அதைப் பிரித்தறிய வேண்டும். மணிக்கணக்கில் நின்ற கால்களோடு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, நாற்பதாவது சுற்றில், மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒருவனிடம் நாம் கேட்பது இதைத்தான். எங்கள் பக்கத்துக் காதுகளுக்கு இந்தப் பயிற்சி உண்டு. பட்டாசு சோதித்துப் பார்க்கும் சத்தம், குவாரியில் வேட்டு வைக்கும் சத்தம், இவை தினசரி. 2024 மே 1-ல் ஆவியூர்ப் பக்கத்தில் கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்து, அங்கே வேலை செய்தவர்கள் உடல் சிதறி மாண்டார்கள். அது வேட்டுச் சத்தமில்லை என்று தெரிந்துகொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீர்ப் பூங்காக்களில் உயிர் காப்பவர்களுக்கு 10/20 என்று ஒரு விதி சொல்லித்தருகிறார்கள். தன் பொறுப்பிலுள்ள நீர்ப்பரப்பில் ஒருவர் தத்தளிப்பதை 10 விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கையைத் தூக்கிக் கூச்சலிடுவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. வாய் நீர்மட்டத்துக்கு மேல் வருகிற நேரம் மூச்சுக்கே போதாது. ஆகவே பூங்காவின் ஒரு மூலையில் அலறல்களுக்குள் அலறலைத் தேட வேண்டும். மற்றொரு மூலையில் கும்மாளத்துக்குள் மௌனத்தைத் தேட வேண்டும். கவிதை வாசிப்புக்குத் தேவை என்று நாம் இந்த வட்டத்துக்குள் பேசிக்கொள்ளும் கூர்மையை, பேர் தெரியாத ஒரு பையன் ஷிப்டு போட்டுச் செய்துகொண்டிருக்கிறான்.

கையால் சுற்றும் தொட்டில் ராட்டினத்தை ஞாபகமுள்ளவர்கள் இருப்பீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது அதில் ஒரு பையனுக்கு முகம் வெளிறியதுமே ராட்டினக்காரர் தன் உடம்பைக் கொடுத்து மரக்கையை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பையன் இறங்கி வாந்தியெடுத்தான். அவர் மண்ணள்ளிப் போட்டு மூடி, செம்பிலிருந்து வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, காலணாவும் குறைக்காமல் காசு வாங்கிக்கொண்டார். அவருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே இருந்தது ஒரு மரச்சட்டம்தான். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் தோளுக்குத் தெரியும். இன்றைய சிப்பந்திக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவே மோட்டார், கணினி, கண்ணாடி, ஐம்பது அடி உயரம். பழசு பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. ஆணி கழன்ற தொட்டில்களுக்கும் கணக்குண்டு. சொல்ல வருவது, தூரம் கூடும்போது உடம்பு செய்த வேலையை மனம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது.

2025 மே 27-ல் சென்னை ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ஒரு ராட்சச யந்திரம் உச்சியில் போய் நின்றுவிட்டது. குழந்தைகள் உட்பட முப்பது பேர் அளவில் மணிக்கணக்கில் அந்தரத்தில் இருந்தார்கள். இருட்டில் தீயணைப்புத் துறையினர் ஏணி வண்டி கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இம்மாதிரி நேரத்தில் கீழே நிற்கும் சிப்பந்தியிடம் பொத்தான் பயனற்றுப் போய்விடுகிறது. அவனிடம் மிஞ்சுவது சொல் ஒன்றுதான். எந்தச் சொல்? 'அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடும்' என்பது சமாதானம். 'யந்திரம் பழுது, வெளியாட்கள் வர வேண்டும், நேரமாகும், சட்டம் பூட்டியிருக்கிறது, அதைத் தொடாதீர்கள்' என்பது உண்மை. முதலாவது கேட்க இதமானது, ஆறாவது நிமிஷத்தில் விஷமாகிவிடும். இரண்டாவது கசப்பானது, ஆனால் அந்தரத்தில் இருப்பவன் கையில் பிடித்துக்கொள்ள எதையோ கொடுக்கிறது. இங்கேதான் முதல் நிதானத்திலிருந்து இரண்டாவது நிதானம் பிரிகிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது நிதானம் ஸ்தாபனத்துக்காக இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் முதலாவதைப் போலவே இருக்கும். அதே நடை, அதே தணிந்த குரல், அதே சீருடை. கூட்டத்தை விலக்குவது அடிபட்டவருக்குக் காற்று வரவா, யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதற்கா? திரை கட்டுவது அவள் மானத்தைக் காக்கவா, பூங்காவின் மானத்தைக் காக்கவா? 'மன்னிக்கவும்' என்று வாய்விட்டுச் சொல்லாதே, பின்னால் கோர்ட்டில் ஒப்புதலாகிவிடும் என்று சொல்லித்தரப்படுவது யாருடைய பாதுகாப்பு? ஒரே சைகைக்கு இரண்டு எஜமானர்கள். சைகை செய்கிறவனுக்கே சில சமயம் தான் யாருக்கு ஊழியம் செய்கிறோம் என்று தெரிவதில்லை. இந்தத் தெரியாமையில்தான் ஸ்தாபனம் வசதியாக வாழ்கிறது.

சார்த்தர் தன் 1943-ம் வருஷப் புத்தகத்தில் காட்டும் காப்பிக்கடைப் பரிசாரகனை இந்தப் பத்திரிகை வாசகர்கள் அறிவார்கள். பரிசாரகனாக இருப்பதைச் சற்று அதிகத் துல்லியத்துடன் நடித்துக்கொண்டிருப்பவன் அவன். தட்டு தவறி விழும்போது அவன் என்ன ஆவான் என்று சார்த்தர் தொடரவில்லை. கேளிக்கைப் பூங்கா அந்தப் பரிசாரகனின் சாம்ராஜ்யம். டிஸ்னி நிறுவனத்தில் சிப்பந்திகளை நடிகர்குழுவினர் என்றே அழைக்கிறார்கள், வருகிறவர்கள் விருந்தினர்கள். அந்தச் சொல் இப்போது நம்மிடமும் வந்துவிட்டது. விருந்து என்பதற்குப் புதுமை என்பது பழைய பொருள். முன்பின் தெரியாதவன் வாசலுக்கு வந்து நிற்பதே விருந்து. அவனை உபசரிக்கும் வீட்டுக்காரன் உலை பொங்கவில்லை என்றால் தானே தலைகுனிகிறான். டிக்கெட் வாங்கி வந்தவனை விருந்தினன் என்று அழைக்கும்போது இந்தத் தலைகுனிவையும் சேர்த்து ஏற்றுக்கொண்டாக வேண்டும். நடப்பது வேறு. கால் ஒடியும்வரை அவர் விருந்தினர். ஒடிந்த பிறகு வாதி. டிக்கெட்டின் பின்பக்கத்துச் சின்ன எழுத்து அப்போதுதான் முன்பக்கமாகிறது.

கொச்சியில் அப்போது வீகாலேண்ட் என்று பெயர் பெற்றிருந்த பூங்காவில் 2002-ல் ஓர் இளைஞன் விளையாட்டு ஒன்றில் விழுந்து உடல் முடங்கிப்போனான். பல வருஷங்கள் கழித்தும் அவன் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தது. நிறுவனம் காட்டிய பரிவின்மையை நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது. விழுந்த அன்று அவனைத் தாங்கிப் பிடித்த கைகள் நிச்சயம் இருந்திருக்கும். அந்தக் கைகளின் பரிவு ஸ்தாபனத்தின் பரிவாக மாறவில்லை. மாறுவதற்கான பாதையே கட்டப்பட்டிருக்கவில்லை. சிப்பந்தியின் முகத்தில் ஸ்தாபனம் தன் சிரிப்பைப் பொருத்திவிடுகிறது, ஆனால் சிப்பந்தியின் துக்கத்தை ஸ்தாபனம் தன் கணக்குப் புத்தகத்தில் ஏற்பதில்லை.

என் பையனுக்கு வருகிறேன். ஒரு நாள் அவன் ஊஞ்சலிலிருந்து நடுவயதுப் பெண் ஒருத்தி கீழே விழுந்தாள். யந்திரம் நிற்கும் தறுவாயில் அவள் இருக்கையின் பூட்டு தானாகத் திறந்துகொண்டதை அவன் பார்த்தான். அவன் ஓடவில்லை. நடந்து போய் முழங்காலிட்டு அவள் தலையை இரண்டு கைகளுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டான். டாக்டர் வரும்வரை இருபது நிமிஷம் அப்படியே இருந்தான். அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டுத் தன் மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு தடவையும், 'இந்தா நிக்குதுக்கா, அழுகல, நீங்க தலைய மட்டும் ஆட்டாதீங்க' என்று சொன்னான். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். யந்திரம் முழுதும் நிற்பதற்குள் விருந்தினர் எழுந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. போட்டான். ஊரில் தங்கையின் கல்யாணக் கடன் இருந்தது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் செலவு அவளுடையதாயிற்று.

தலையைப் பிடித்ததும் கையெழுத்துப் போட்டதும் ஒரே கை. இதில் எது அவன்? முதலாவதுதான் அவன், இரண்டாவது நிர்ப்பந்தம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் முதலாவதும் பயிற்சியால் வந்தது, கூலிக்குச் செய்தது. கூலிக்காகச் செய்ததால் அது பொய்யாகிவிடுகிறதா? நல்ல சமாரியன் கதையில் எல்லோரும் சமாரியனையே பேசுகிறோம். அந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான், சத்திரக்காரன். சமாரியன் இரண்டு காசு கொடுத்து, பார்த்துக்கொள், மேற்கொண்டு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று போய்விடுகிறான். ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கட்டு மாற்றியிருக்கக்கூடியவன் அந்தச் சத்திரக்காரன். காசு வாங்கினான் என்பதால் அவன் பெயர் அறத்தின் பட்டியலில் வரவில்லை. உலகத்தின் பெரும்பாலான பரிவு சத்திரக்காரப் பரிவுதான். நர்ஸ், ஆயா, ஆம்புலன்ஸ் டிரைவர், பூங்காச் சிப்பந்தி எல்லோரும் இந்த ஜாதி. கூலி பரிவைப் பொய்யாக்குவதில்லை. கூலி கொடுப்பவன் பரிவுக்கு எல்லை போடும்போதுதான் அது பொய்யாகத் தொடங்குகிறது.

எல்லை போடப்படும் இடம் நாக்கு. கையால் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், வாயால் பார்த்ததைச் சொல்லக் கூடாது. அடிபட்டவருக்குத் தேவைப்படுபவை இரண்டு. ஒன்று உதவி, மற்றது தனக்கு என்ன நடந்தது என்கிற உண்மை. மயக்கத்தில் விழுந்தவளுக்குத் தன் விபத்தின் கதை தெரியாது. அதைப் பார்த்தவன் அவன் ஒருவன். அவன் வாயை மூடினால் அவளுடைய வாழ்க்கையில் ஒரு கணத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதாகும். அவளே தவறு செய்து விழுந்தாள் என்கிற பொய்க்கதையை அவளும் மெல்ல நம்பத் தொடங்குவாள். ஸ்தாபனம் சிப்பந்தியைப் பராமரிப்பாளனாக வைத்துக்கொண்டு, அவனிடமிருந்த சாட்சியைக் கழற்றி எடுத்துவிடுகிறது. சாட்சி இல்லாத பராமரிப்பு பாதிப் பரிவு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்குகிறவனிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீரத்தைத் தனி மனிதனிடம் மட்டும் கேட்கிற ஒழுக்கம் கேட்பவருக்குச் செலவில்லாதது. சட்டமும் இங்கே அரைகுறையாகவே நிற்கிறது. விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு போலீஸ் சம்பிரதாயங்களுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டியது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவிலிருந்து காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. டாக்டருக்குக் கடமை எழுதப்பட்டிருக்கிறது, சாலையில் போகிறவருக்குக் கவசம் இருக்கிறது. தன் முதலாளியின் யந்திரத்தில் பூட்டுத் திறந்ததைப் பார்த்த சிப்பந்திக்கு அந்தக் கவசம் பொருந்தாது.

அவனுக்கு நேர்வது வேறு. எங்கள் பக்கம் ஒவ்வொரு பட்டாசு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வரும் வரிகள் எங்களுக்கு மனப்பாடம். 'உரிமையாளர் தலைமறைவு, போர்மேன் கைது.' போர்மேன் என்பவர் முதலாளியுமில்லை, முழுத் தொழிலாளியுமில்லை. உத்தரவு மேலிருந்து வந்து அவரிடம் முகமாகிறது. 2019 ஜூலை 14-ல் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் பெண்டுலம் போல ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்து, முப்பது பேர் அளவில் காயப்பட்டபோதும், கைதானவர்களில் அதை இயக்கியவர்கள் இருந்தார்கள். இயக்கியவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் சிறை வரும் என்கிற இடத்தில் ஒருவனை நிறுத்திவிட்டு அவனுடைய மனசாட்சியைப் பற்றி நாம் கட்டுரை எழுதுவதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டும். பார்த்தவன் பார்த்ததைச் சொன்னால் அவன் சோற்றுக்கு ஆபத்தில்லாத இடமாகப் பூங்காவை வைத்திருப்பது முதலாளியின் அறம். அவன் எழுதும் தாளின் ஒரு நகல் முதலாளியின் மேஜையைத் தாண்டி, அடிபட்டவரிடமும் யந்திரத்தைப் பரிசோதிக்கும் அதிகாரியிடமும் போவது அரசின் அறம். இந்த இரண்டும் இருந்தால் சிப்பந்தியிடம் நாம் வீரத்தைக் கேட்க வேண்டியதில்லை, சாதாரண நேர்மை போதும். சாதாரண நேர்மைக்கு வீரம் தேவைப்படுகிற இடம் எதுவோ அது கெட்டுப்போன இடம்.

அப்போதும் ஒரு மிச்சம் இருக்கிறது. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டபோது அது விபத்துக்குள்ளாகி, ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். சோதனைக்காக அதில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். விருந்தினருக்கு முன்னால் அந்த வாக்குறுதியில் ஏறிப் பார்க்கிற உடம்பு சிப்பந்தியுடையது. தனக்கும் அடிபட்டவளுக்கும் நடுவே ஸ்தாபனம் போட்டிருக்கும் கோடு, சீருடை, சம்பளம், எல்லாம் அந்த இருக்கையில் உட்காரும்போது இல்லாமல் போகிறது. அவளுக்காகப் பேசுவது தனக்காகப் பேசுவதும் கூட என்று அவனுக்குத் தெரியவரும் இடம் இது. எந்தச் சட்டமும் இதைத் தர முடியாது. எந்தச் சட்டமும் இதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பையன் என்னிடம், "கையெழுத்துப் போட்டது தப்பாண்ணே?" என்று கேட்டான். தப்பு என்றேன். தங்கை கல்யாணத்தைச் சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம். தேற்றினால் அதுவும் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்கிற சமாதானமாகியிருக்கும். அந்தத் தப்பு முழுக்க உன்னுடையது இல்லை என்பதையும் சொன்னேன். அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டான் என்றே நினைக்கிறேன். இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறான். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறானாம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இருக்கை, பூட்டு எப்படி இருந்தது, யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது என்று ஷிப்டு முடிந்ததும் எழுதிக்கொள்கிறான். யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.